ஒரு குப்பி எச்சிலும் உங்கள் பூர்வீகமும்

சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் சில வாரங்களில் "உங்கள் பூர்வீகம் இன்ன இன்ன இடம்" என்று சதவீதக் கணக்கோடு பதில் வந்துவிடுகிறது. இதை அப்படியே நம்பி மயங்குகிறவர்களும் இருக்கிறார்கள், எல்லாம் ஏமாற்று வேலை என்று ஒரே அடியாக ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. அந்தப் பரிசோதனையில் கிடைப்பவை இரண்டு தனித்தனி விஷயங்கள். ஒன்று, உங்கள் முன்னோர் எந்தெந்த வட்டாரத்து மக்களோடு சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்ற மதிப்பீடு. இன்னொன்று, அதே நிறுவனத்தில் ஏற்கெனவே பரிசோதனை செய்துகொண்டவர்களில் யார் யார் உங்களுக்கு ரத்த சொந்தம் என்ற பட்டியல். விளம்பரங்கள் எல்லாம் முதலாவதைத்தான் பெரிதாகக் காட்டும். ஆனால் குடும்பத்தின் வேரைத் தேடுகிறவருக்கு உண்மையான சரக்கு இருப்பது இரண்டாவதில்தான் என்பது என் கருத்து, ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் போகப் போகப் பார்க்கலாம்.

முதலில் அடிப்படை. நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்களுக்குள்ளும் 23 ஜோடி குரோமோசோம்கள், அதாவது டிஎன்ஏ என்ற மரபுப் பொருளின் நீண்ட இழைகள், இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. அம்மா தந்த தொகுப்பை மட்டும் விரித்துப் படித்தாலே, ஏ, டி, சி, ஜி என்ற நான்கே எழுத்துகளில், சுமார் 300 கோடி எழுத்து நீளத்துக்குப் போகும். அப்பா தந்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். உலகத்தில் எந்த இரண்டு பேரை எடுத்து ஒப்பிட்டாலும் இதில் ஏறத்தாழ 99.9 சதவீதம் ஒன்றுபோலவே இருக்கும். மிச்சம் 0.1 சதவீதம்தானே என்று தோன்றலாம். 300 கோடியில் அது 30 லட்சம் எழுத்து! பூர்வீகம் தேடும் வேலை முழுவதும் இந்தச் சின்ன மிச்சத்துக்குள்தான் நடக்கிறது.

பரிசோதனை நிறுவனங்கள் 300 கோடி எழுத்தையும் படிப்பதில்லை, அப்படிப் படிப்பதற்கு முழு மரபணுத் தொகுப்பு வாசிப்பு என்ற வேறு பரிசோதனை இருக்கிறது, அதற்குச் செலவும் அதிகம். மனிதருக்கு மனிதர் எழுத்து மாறுகிற இடங்கள் எவை என்று விஞ்ஞானிகள் முன்பே குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த இடங்களை ஸ்னிப் என்பார்கள். அவற்றிலிருந்து பொதுவாக 6, 7 லட்சம் இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே உங்களுக்கு என்ன எழுத்து இருக்கிறது என்று மட்டும் ஒரு சிப்பை வைத்துப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் பரிசோதனை.

மாதிரி கொடுப்பதில் சிரமம் எதுவும் இல்லை. துப்புவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், புகைக்காமல் இருக்க வேண்டும். குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும், அதுவரை எச்சில் நிறைய வேண்டும், நுரை கணக்கில் வராது. மூடியை அழுத்தி மூடியதும் அதற்குள் இருக்கிற திரவம் இறங்கி எச்சிலோடு கலந்துவிடும், வழியில் கெட்டுப்போகாமல் காப்பது அதுதான். சில நிறுவனங்கள் எச்சிலுக்குப் பதில் ஒரு குச்சியைக் கொடுத்துக் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து அனுப்பச் சொல்லும், இரண்டும் ஒன்றுதான். எச்சிலில் கன்னத்துச் செல்களும் வெள்ளை அணுக்களும் மிதந்துகொண்டிருக்கும். ஆய்வகத்தில் அவற்றை உடைத்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, பல மடங்கு நகலெடுத்து, சிப்பின் மேல் விடுகிறார்கள். எந்த எழுத்து இருக்கிறதோ அதற்கேற்ற நிறத்தில் ஒவ்வொரு இடமும் ஒளிரும், அதைப் படமெடுத்துக் கணினி எழுத்தாக மாற்றிக்கொள்கிறது.

கடைசியில் இதெல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகத்தான் வந்து நிற்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் தரவிறக்கிக்கொள்ள விடுகின்றன. திறந்து பார்த்தால் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். அதில் ஒரு வரி இப்படி இருக்கலாம்: ஆர்எஸ்4988235, 2, 136608646, ஜிஜி. முதலில் இருப்பது அந்த இடத்தின் அடையாள எண், அடுத்தது எத்தனையாவது குரோமோசோம் என்பது, மூன்றாவது அந்தக் குரோமோசோமில் எத்தனையாவது எழுத்து என்பது, கடைசியில் இருக்கிற இரண்டு எழுத்து அம்மா அப்பா ஆளுக்கொன்றாகத் தந்தது. இந்தக் குறிப்பிட்ட இடம் பால் சம்பந்தப்பட்டது. இங்கே ஒரே ஒரு ஏ இருந்தாலே, வளர்ந்த பிறகும் பாலில் இருக்கிற லாக்டோஸ் சர்க்கரை பெரும்பாலும் செரித்துவிடும். ஜிஜி என்றால் அந்த மாற்றம் உங்களிடம் இல்லை. அதற்காகப் பால் ஒத்துக்கொள்ளாது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் இதே வேலையைச் செய்கிற வேறு மாற்றங்கள் மக்களிடம் உண்டு. ஒரே ஒரு வரியைப் படிப்பதிலேயே இவ்வளவு "ஆனால்" இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். அந்த இடத்தில் ஏஜி என்று வந்தால் எது அம்மாவுடையது, எது அப்பாவுடையது என்று கோப்பு சொல்லாது. அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருவரும் பரிசோதனை செய்திருந்தால் பெரும்பாலான இடங்களில் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். அதனால்தான் இந்த விஷயத்தில் ஒரு ஆளை விட ஒரு குடும்பம் சேர்ந்து செய்வது பல மடங்கு பிரயோஜனமானது.

தாத்தா பாட்டியிடமிருந்து எவ்வளவு வந்தது?

அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி. இதில் சந்தேகமில்லை. அதற்கு மேலே போனால்தான் விஷயம் மாறுகிறது. உங்கள் அப்பாவிடம் அவருடைய அப்பா தந்த தொகுப்பு ஒன்று, அம்மா தந்த தொகுப்பு ஒன்று என்று இரண்டு இருக்கிறது. உங்களுக்குக் கொடுக்கும்போது அவர் அதில் ஒன்றை அப்படியே எடுத்துக் கொடுப்பதில்லை. இரண்டு சீட்டுக்கட்டை ஒன்றாகக் கலைத்து ஒரு கட்டு மட்டும் பிரித்துக் கொடுப்பது போல, துண்டு துண்டாக மாற்றிக் கோத்த புதுத் தொகுப்பு ஒன்றைக் கொடுக்கிறார். ஆகவே அப்பா வழித் தாத்தாவிடமிருந்து 29 சதவீதமும் அப்பா வழிப் பாட்டியிடமிருந்து 21 சதவீதமும் உங்களுக்கு வந்திருக்கலாம், உங்கள் தங்கைக்கு இதுவே தலைகீழாக இருக்கலாம். ஆளுக்கு 25 என்பது சராசரி மட்டுமே. அண்ணன் தங்கை இருவருக்கும் அறிக்கை வேறு வேறாக வந்தால் "யாரோ தவறு செய்துவிட்டார்கள்" என்றோ, அதைவிட மோசமாக "நாம் ஒரே அப்பாவுக்குப் பிறக்கவில்லையோ" என்றோ பதற வேண்டியதில்லை. ஒரே கட்டிலிருந்து இருவருக்கும் வேறு வேறு சீட்டு வந்திருக்கிறது, அவ்வளவே.

தலைமுறை ஏற ஏற இந்தக் கலைப்பு கூடிக்கொண்டே போகும். பத்துத் தலைமுறை மேலே போனால் கணக்குப்படி உங்களுக்கு 1,024 முன்னோர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து உங்கள் டிஎன்ஏவில் ஒரு துண்டுகூட மிஞ்சியிருக்காது! அவர்கள் உங்கள் முன்னோர்தான், அவர்கள் இல்லாமல் நீங்கள் இல்லை, ஆனாலும் எந்தப் பரிசோதனையாலும் உங்கள் எச்சிலில் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே "எங்கள் பழைய தலைமுறைப் பாட்டி ஒருவர் வெளிநாட்டுக்காரர் என்று சொல்வார்கள், அறிக்கையில் வரவில்லை, அப்படியென்றால் அது கட்டுக்கதை" என்று முடிவுகட்டுவது அவசரம். ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்திய ஒருவர் அறிக்கையில் வராமல் போவது சாதாரணமாக நடக்கக்கூடியது.

இதிலிருந்து கிடைக்கிற பாடம், இந்தத் துறையில் ஊறியவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது: வீட்டில் மூத்தவர் யாரோ அவரைப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பாட்டியிடம் இருப்பதில் பாதிதான் உங்கள் அம்மாவுக்கு வந்தது, அதிலும் பாதிதான் சராசரியாக உங்களுக்கு வந்தது. பாட்டி போய்விட்டால் மிச்சம் முழுவதும் அவரோடு போய்விடும். பாட்டி இல்லையென்றால் பாட்டியின் தம்பி, அவரும் இல்லையென்றால் பெரியப்பா, அத்தை, மாமா என்று ஒரு படி மேலே இருக்கிற யாராவது. அவர்களுக்கு விஷயத்தைப் புரியும்படி சொல்லி, சம்மதம் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்?

எல்லோரும் முதலில் திறந்து பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். வண்ண வண்ணமாக ஒரு உலக வரைபடம், பக்கத்தில் 63 சதவீதம், 22 சதவீதம், 2 சதவீதம் என்று எண்கள். இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால் அவற்றை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு நிறுவனமும் ஒப்பீட்டுக்கென்று ஒரு குழுவை வைத்திருக்கிறது. தாத்தா பாட்டி நான்கு பேருமே ஒரே வட்டாரத்தில் பிறந்தவர்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஆட்களாகத் தேடிச் சேர்த்திருப்பார்கள். உங்கள் குரோமோசோம்களைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் அந்தக் குழுவில் யாருடைய துண்டைப் போல அதிகம் இருக்கிறது என்று கணினி பார்க்கும். அப்படி எல்லாத் துண்டுக்கும் ஒரு பெயர் ஒட்டிக் கூட்டினால் வருவதுதான் சதவீதம். இதில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. முதலாவது, ஒப்பிடப்படுகிறவர்கள் இன்று உயிரோடு இருப்பவர்கள். 500 வருடத்துக்கு முன் அந்த மண்ணில் இருந்தவர்களின் டிஎன்ஏ அல்ல. அதாவது, "உங்கள் முன்னோர் அங்கே வாழ்ந்தார்கள்" என்று அறிக்கை சொல்லவில்லை, "இன்று அங்கே இருக்கிறவர்களோடு உங்கள் துண்டுகள் ஒத்துப்போகின்றன" என்றுதான் சொல்கிறது. இரண்டாவது, எந்த வட்டாரத்திலிருந்து நிறையப் பேர் குழுவில் இருக்கிறார்களோ அந்த வட்டாரத்தை நுணுக்கமாகப் பிரித்துச் சொல்ல முடியும். ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மாவட்ட அளவுக்குக்கூட இறங்கிச் சொல்வார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா என்று வந்தால் பல நாடுகளை ஒரே பெயருக்குள் போட்டு மூடிவிடுவார்கள். அது உங்கள் பூர்வீகத்தின் குறை அல்ல, அவர்கள் கையில் இருக்கிற மாதிரிகளின் குறை.

குழு வேறு, கணக்கு முறை வேறு என்பதால் நிறுவனத்துக்கு நிறுவனம் எண் மாறும். 2019இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி இரட்டைப் பிறவிச் சகோதரிகள் இருவரின் மாதிரியை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள், டிஎன்ஏ ஏறக்குறைய ஒன்றேதான். அப்படியும் நிறுவனங்களுக்கிடையே மட்டுமல்ல, ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இருவருக்கும் சதவீதம் வேறாக வந்தது. எழுத்துகளைப் படித்ததில் பிழையில்லை, பெயர் ஒட்டும் கணக்கில்தான் ஊசலாட்டம். அதே போல நிறுவனம் தன் குழுவைப் பெரிதாக்கும்போதெல்லாம் உங்கள் அறிக்கையும் தானாகத் திருத்தப்படும். போன வருடம் 8 சதவீதம் இருந்த ஒரு நாடு இந்த வருடம் காணாமல் போயிருக்கும், உங்கள் டிஎன்ஏ ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

ஆகவே நான் சொல்வேன், கண்டம் அளவிலான முடிவை நம்பலாம், நாடு அளவிலானதை அரை மனதோடு எடுத்துக்கொள்ளலாம், 1, 2 சதவீதம் என்று வருகிறவற்றை வைத்து எந்தக் கதையும் கட்டக் கூடாது. அப்புறம் இன்னொரு விஷயம், இதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். மொழிக்கோ மதத்துக்கோ சாதிக்கோ நாட்டுக்கோ தனி எழுத்து எதுவும் கிடையாது. ரிச்சர்ட் லெவன்டின் என்ற மரபியலாளர் 1972லேயே கணக்குப் போட்டுக் காட்டினார், மனிதருக்குள் இருக்கிற மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருப்பது, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே இருப்பது கொஞ்சம்தான். "சுத்தமான" வம்சம் என்று நிரூபிக்கலாம் என்ற எண்ணத்தில் யாராவது எச்சிலை அனுப்பினால் அதற்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை.

நேர் அப்பா வழி, நேர் அம்மா வழி

கலைத்துப் போடப்படாமல் அப்படியே இறங்கி வருகிற இரண்டு உண்டு. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்புக்குள் தனியாக 16,569 எழுத்தில் ஒரு குட்டி டிஎன்ஏ இருக்கிறது, அது அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் மகள் வழியாக மட்டுமே மேலும் இறங்கும். இவற்றில் எப்போதாவது ஒரு எழுத்து மாறும், அந்த மாற்றம் அதற்குப் பிறகு வருகிற எல்லோரிடமும் முத்திரையாக நின்றுவிடும். அந்த முத்திரைகளை வைத்து உலக மக்களைக் கிளை கிளையாகப் பிரித்திருக்கிறார்கள், அந்தக் கிளைகளுக்கு ஹேப்லோகுரூப் என்று பெயர். 1987இல் ரெபெக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வு, இன்று இருக்கிற எல்லோருடைய நேர் அம்மா வழியும் சுமார் 2 லட்சம் வருடத்துக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேருகிறது என்று இப்படித்தான் கண்டுபிடித்தது.

அருமையான விஷயம்தான், ஆனால் அளவு தெரிந்து ரசிக்க வேண்டும். நேர் அப்பா வழி என்பது பத்துத் தலைமுறைக்கு மேலே இருக்கிற 1,024 பேரில் ஒரே ஒருவர். நேர் அம்மா வழி இன்னொருவர். மற்ற 1,022 பேரைப் பற்றி இவை ஒன்றும் சொல்லாது. ஹேப்லோகுரூப் பெயரை வைத்து "நான் அரச வம்சம்" என்று கிளம்புவது இதனால்தான் அர்த்தமற்றது. பெண்களுக்கு ஒய் கிடையாது என்பதால் அப்பா வழியைப் பார்க்க வேண்டுமென்றால் அப்பாவோ, அண்ணன் தம்பியோ, சித்தப்பாவோ மாதிரி கொடுக்க வேண்டும். இரண்டு பேர் பங்காளிகள்தானா என்று சரிபார்க்க ஒய் பரிசோதனையைப் போல வேறொன்று இல்லை.

உறவினர் பட்டியல்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். உங்கள் எழுத்துகளை அந்த நிறுவனத்தில் இருக்கிற மற்ற எல்லோருடைய எழுத்துகளோடும் ஒப்பிட்டு, நீளமாக விடாமல் ஒத்துப்போகிற துண்டுகள் யாரிடம் இருக்கின்றன என்று பட்டியல் போடுவார்கள். நீளத்தை அளக்க சென்டிமார்கன் என்ற அலகு. துண்டு நீளமாக இருந்தால் பொது முன்னோர் பக்கத்தில் இருக்கிறார் என்று பொருள், ஏனென்றால் தலைமுறை கூடக் கூடத் துண்டு உடைந்து சிறிதாகிக்கொண்டே போகும்.

பிளேன் பெட்டிங்கர் என்ற மரபணு வம்சாவளி ஆய்வாளர் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடமிருந்து இந்த அளவுகளைத் திரட்டி, 2020இல் புதுப்பித்து வெளியிட்ட பட்டியல்தான் இன்று பலரும் பயன்படுத்துவது. அதன்படி பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே சராசரி சுமார் 3,485 சென்டிமார்கன். கூடப்பிறந்தவர் என்றால் 2,613. அத்தை, மாமா, சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் என்றால் 866, ஆனால் இது 396லிருந்து 1,397 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அவர்களுக்கு அடுத்த வட்டம், அதாவது கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி பொதுவானவர் என்றால் சராசரி 229. அதற்கும் அடுத்த வட்டம் 73, அந்த வட்டத்தில் பத்தில் ஒருவருக்கு ஒத்துப்போகிற துண்டே இருக்காது. உறவு உண்மை, ஆனால் பரிசோதனையில் தெரியாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். பட்டியலில் கேள்விப்படாத பெயர் ஒன்று 870 சென்டிமார்கனோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியைப் பார்த்தால் அத்தை பிள்ளையோ சித்தப்பா பிள்ளையோ என்று தோன்றும். அதே 870, தாத்தாவின் கூடப்பிறந்தவருக்கும் பொருந்தும், உங்கள் அப்பாவுக்குத் தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பொதுவான சகோதரர் யாராவது இருந்தால் அவருக்கும் பொருந்தும், கொள்ளுப்பேரனுக்கும் பொருந்தும். எண் மட்டும் இதில் எது என்று சொல்லாது. அந்த நபருக்கு என்ன வயது? உங்கள் வயதுதான் என்றால் தாத்தாவின் தங்கையாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. அடுத்து, உங்கள் அம்மா பரிசோதனை செய்திருக்கிறாரா, அவருடைய பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அப்பா பக்கம். பிறகு உங்களுக்கும் அவருக்கும் பொதுவாக ஒத்துப்போகிறவர்கள் யார் யார் என்று ஒரு பகுதி இருக்கும், அதைத் திறங்கள். அங்கே உங்கள் அப்பாவின் அம்மா வழிச் சொந்தக்காரர் ஒருவரின் பெயர் தெரிந்தால் நாலு கிளையில் மூன்றை ஒதுக்கியாயிற்று. இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு வீடு மிஞ்சும். அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால், அல்லது பிறப்பு, திருமணப் பதிவேடுகளைப் புரட்டினால் விஷயம் வெளியே வந்துவிடும். டிஎன்ஏ இங்கே பாதி வேலைதான் செய்கிறது, மீதியைப் பழைய காகிதங்களும் பெரியவர்களின் ஞாபகமும் செய்கின்றன.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகங்களில் இந்த அட்டவணை அப்படியே பொருந்தாது. ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த அஷ்கெனாசி யூதர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பிரச்சினை, அவர்களில் ஒருவர் பரிசோதனை செய்தால் நெருங்கிய சொந்தம் போலத் தோன்றுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்பார்கள். ஒரே முன்னோர் பல வழிகளில் திரும்பத் திரும்ப வருவதால் சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்து மொத்தக் கணக்கைக் கூட்டிக் காட்டும். உங்கள் குடும்பத்திலும் அத்தை மகள், மாமன் மகன் திருமணங்கள் வழக்கம் என்றால் மொத்த எண்ணைப் பார்க்காமல், இருப்பதிலேயே நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். 20க்குக் கீழே என்றால் அறிக்கை என்ன உறவு என்று சொன்னாலும் அதைவிடத் தூரத்துச் சொந்தமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது. 7, 8 சென்டிமார்கனுக்குக் குறைந்த ஒற்றைத் துண்டுகளைச் சீந்தவே வேண்டாம், அவற்றில் பல தற்செயலாக ஒத்துப்போனவை.

துப்பும் முன் யோசிக்க வேண்டியது

இந்தப் பட்டியல் எதிர்பாராத உண்மையையும் கொண்டுவந்து போட்டுவிடும். அப்பா என்று நினைத்தவர் பெற்ற அப்பா இல்லை, தத்தெடுத்ததை யாரும் சொல்லவில்லை, எங்கேயோ ஒரு அண்ணன் இருக்கிறார், தானம் பெற்ற விந்தில் பிறந்தவர் என்பதே தெரியாது. இதெல்லாம் அபூர்வமாக நடக்கிற கதைகள் இல்லை. அமெரிக்காவின் இண்டியானாவில் கருத்தரிப்பு மருத்துவர் ஒருவர் நோயாளிகளுக்குத் தெரியாமல் தன் விந்தையே பயன்படுத்தி வந்தது, பல பத்தாண்டு கழித்து அந்தப் பிள்ளைகள் இப்படிப் பரிசோதனை செய்து, பட்டியலில் ஒருவரையொருவர் பார்த்ததால்தான் வெளியே வந்தது. ஆகவே, "இப்படி ஏதாவது வந்தால் என்னால் தாங்க முடியுமா, அம்மாவால் தாங்க முடியுமா" என்று முன்கூட்டியே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால், உறவினர் பட்டியலில் உங்களைச் சேர்க்கிற வசதியை அமைப்புகளுக்குள் போய் அணைத்துவைக்கலாம்.

உங்கள் டிஎன்ஏ உங்களுடையது மட்டும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1970, 80களில் கலிபோர்னியாவில் தொடர் கொலைகள் செய்துவிட்டுத் தப்பித்திருந்த ஜோசப் ஜேம்ஸ் டிஆஞ்சலோவை 2018 ஏப்ரலில் போலீஸ் பிடித்தது, டிஎன்ஏ கோப்புகளை ஒப்பிட்டு உறவினரைக் காட்டும் ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் இருந்த அவருடைய தூரத்து உறவினர்களின் டிஎன்ஏவை வைத்துத்தான். அவர் ஒருபோதும் எச்சிலைத் துப்பி அனுப்பியதில்லை! கொலைகாரன் பிடிபட்டதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான், ஆனால் தூரத்துச் சொந்தம் ஒருவர் செய்கிற காரியம் நம்மையும் அடையாளம் காட்டிவிடும் என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. அதற்கு அடுத்த வருடமே ஜெட்மேட்ச் தளம், சம்மதித்தவர்களின் தரவை மட்டுமே போலீஸ் பார்க்கலாம் என்று விதியை மாற்றியது.

திருட்டும் நடந்திருக்கிறது. 2023இல் 23அண்ட்மீ என்ற பரிசோதனை நிறுவனத்தில், வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களையே போட்டுப் பார்த்து சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்து உறவினர் பட்டியல் வழியாக 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அதே நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது, கோடிக்கும் மேற்பட்டவர்களின் டிஎன்ஏ யார் கைக்குப் போகுமோ என்று பெரிய பதற்றம். கடைசியில் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கி தலைமையிலான லாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. அதனால் தனிக் கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு இரண்டும் கட்டாயம். ஆராய்ச்சிக்குச் சம்மதம் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கும், படிக்காமல் டிக் செய்யாதீர்கள். மிஞ்சிய எச்சிலை அழித்துவிடச் சொல்லும் உரிமையும் பொதுவாக உண்டு.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்சில் ஆர்வத்துக்காக இப்படிப் பரிசோதனை செய்வதே குற்றம், 3,750 யூரோ வரை அபராதம். அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டம், மரபணுத் தகவலை வைத்து வேலையிலோ மருத்துவக் காப்பீட்டிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. நீங்கள் இருக்கிற நாட்டில் என்ன விதி என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தரவிறக்கிய கோப்பை ஏதாவது ஒரு தளத்தில் ஏற்றி "எனக்கு என்ன நோய் வரும்" என்று பார்க்கிற பழக்கமும் பரவியிருக்கிறது. 2018இல் வெளியான ஒரு ஆய்வில், இப்படிப்பட்ட கோப்புகளில் ஆபத்து என்று தெரிந்து மருத்துவ ஆய்வகத்துக்கு வந்த மாற்றங்களில் 40 சதவீதம் மறுபரிசோதனையில் பொய் என்று தெரிந்தது. பயமுறுத்துகிற எதையாவது பார்த்தால் மருத்துவர் மூலம் முறையான பரிசோதனை செய்யும்வரை அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், உறவினரைத் தேடுகிறவருக்கு ஆட்கள் அதிகம் இருக்கிற இடம்தான் நல்ல இடம். ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தில் 2.5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எல்லா நாட்டிலும் அதன் பரிசோதனைப் பெட்டி கிடைக்காது. உங்கள் சொந்தக்காரர்கள் குடியேறிய நாட்டில் எது அதிகம் விற்கிறதோ அதைப் பாருங்கள். ஒரு இடத்துக் கோப்பைத் தரவிறக்கி இன்னொரு தளத்தில் ஏற்றிக்கொள்ள ஜெட்மேட்ச் போன்றவை அனுமதிக்கின்றன, எத்தனை இடத்தில் ஏற்றுகிறீர்களோ அத்தனை இடத்தில் உங்கள் தரவு இருக்கும் என்ற நினைப்போடு செய்யுங்கள்.

பட்டியலில் புதுப் பெயர் ஒன்றைப் பார்த்து முதல் செய்தி அனுப்பும்போது சுருக்கமாக எழுதுங்கள். உங்கள் பெயர், எத்தனை சென்டிமார்கன் ஒத்துப்போகிறது, உங்களுக்குத் தெரிந்த தாத்தா பாட்டி பெயர்கள், அவர்கள் இருந்த ஊர், இது போதும். "நீங்கள் என் அப்பாவின் மகனாக இருக்கலாம்" என்று முதல் வரியிலேயே போட்டு உடைக்காதீர்கள், எதிரே இருப்பவருக்கு எதுவுமே தெரியாமல் இருக்கலாம், வீட்டில் யார் கண்ணில் அந்தச் செய்தி படும் என்றும் தெரியாது. பலர் சதவீதத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே வராதவர்கள், பதிலுக்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம். அதுவரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தெரிந்த வரைக்கும் வம்சாவளிப் படத்தை ஏற்றி வையுங்கள், அதில் ஒரு ஊர்ப் பெயரைப் பார்த்து அவரே முதலில் எழுதினாலும் எழுதுவார்.